தேய்ந்தது எது, தேய்த்தது எது

உங்கள் கேள்வியில் மூன்று இடங்கள் வருகின்றன. அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் "தேய்மானம்" என்றார். அதே வாரம் ஆடிட்டர் உங்கள் ஜெராக்ஸ் கடைக் கணக்கில் "தேய்மானம்" என்று ஒரு தொகையைக் கழித்தார். பழைய சங்கிலியை மாற்றப் போன கடையிலும் "தேய்மானம்" என்று சொல்லி எடையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். மூன்றும் ஒரே பொருள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், "தேய்ந்ததை மேலும் தேய்க்க வேண்டாம் என்று அம்மா காலை நடையையே நிறுத்திவிட்டார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. ஒரு சொல் ஒருவரை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு அதிகாரம் உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் மருத்துவனும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயந்திரக் கையேடுகள், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், மருத்துவமனை ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றைத் தமிழாக்கியும் பிழை திருத்தியும் வருகிறேன். "தேய்மானம்" என்ற சொல்லோடு மல்லுக்கட்டாத மாதம் கிடையாது. சொல்லைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். கணக்கைப் பற்றிச் சொல்வதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலைப் பற்றிச் சொல்வதை, அம்மாவின் மருத்துவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கான உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேரிலிருந்து தொடங்குகிறேன். "தேய்" என்ற வினைக்குத் தமிழில் இரண்டு நடைகள் உண்டு. செருப்பு தேய்ந்தது என்போம். செருப்பைத் தேய்த்தான் என்றும் சொல்வோம். ஒரே வேர்தான். ஒன்றில் பொருள் தானே குறைகிறது, மற்றதில் ஒருவர் குறைக்கிறார். இந்த இரண்டாவது நடையில் நாம் நாள் முழுதும் புழங்குகிறோம்: பல் தேய்க்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்கிறோம், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். இவற்றில் எதிலும் பொருளைக் குறைக்கும் எண்ணம் இல்லை. உரசுவதுதான் நோக்கம், குறைவது பக்க விளைவு. பல் தேய்க்கிறோம், அதனாலேயே பல் தேய்கிறது. ஆக, இந்தச் சொல்லின் அடியில் எப்போதும் இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கின்றன. யாராவது "தேய்மானம்" என்றால், "எதோடு உரசி?" என்று மனம் தானாகவே தேட ஆரம்பித்துவிடும். உங்கள் அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

இந்த உரசல் படம் மிகப் பழையது. குறளில் அரம் இரண்டு இடங்களில் இந்த வினையோடு வருகிறது. "கடுமொழியும் கையிகந்த தண்டமும் வேந்தன் அடுமுரண் தேய்க்கும் அரம்" (567) என்பதில் அரம் தேய்க்கிறது. "அரம்பொருத பொன்போலத் தேயும்" (888) என்பதில் பொன் தேய்கிறது. ஒரே கருவியை இரண்டு பக்கத்திலிருந்தும் காட்டிவிட்டார். இரண்டாவது குறளில் வரும் பொன் தங்கமா இரும்பா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழைய வழக்கில் பொன் என்பது இரும்பையும் குறிக்கும் என்பதால் உரைகாரர்கள் பலர் இரும்பு என்று கொண்டார்கள், ஜி.யு. போப் தம் ஆங்கில மொழிபெயர்ப்பில் தங்கம் என்றே எடுத்துக்கொண்டார். பட்டறையில் அரத்துக்கு முன்னால் அதிகம் நிற்பது இரும்புதான் என்பதால் நான் இரும்பின் பக்கம். தங்கம் என்று படித்தாலும் குறள் கெட்டுவிடாது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு குறள்: "அவர்சென்ற நாளொற்றித் தேய்ந்த விரல்" (1261). தலைவன் பிரிந்து போன நாட்களைச் சுவரில் கோடிட்டு வைத்திருக்கிறாள். தினமும் அந்தக் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியதில் விரல் தேய்ந்துவிட்டதாம். சுவர் தேயவில்லை, விரல் தேய்ந்தது. எத்தனை நாள் ஆயிற்று என்று அவள் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

இனி உங்கள் மூன்று இடங்களுக்கு வருகிறேன். நகைக்கடையில் நடப்பதுதான் சொல்லின் அசல் பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது. தங்கம் மென்மையான உலோகம். அதனால்தான் நகைக்கு 22 காரட், அதாவது நூறில் 91.6 பங்கு தங்கமும் மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவையும் கலந்து செய்கிறார்கள். அப்படியும் தேயும். பல ஆண்டுகள் கழுத்தில் கிடந்த தாலிச் சங்கிலியைக் கையில் எடுத்து, ஒரு வளையமும் அடுத்த வளையமும் தொடும் இடத்தை உற்றுப் பாருங்கள். வளையத்தின் வெளிப்பக்கம் பருமனாகவும், உட்பக்கம் நூலைப்போல மெலிந்தும் இருக்கும். வளையம் வளையத்தைத் தின்றிருக்கிறது. அங்கேதான் சங்கிலி அறும்.

ஆனால் கடைக்காரர் உங்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கழித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டு கிராமுக்கு வாங்கிய சங்கிலி இன்று தராசில் ஏழே முக்கால் காட்டுகிறது என்றால், தேய்மானம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. தராசு கழித்துவிட்டதை மனிதர் இன்னொரு முறை கழிக்க முடியாது. அதற்கு மேல் அவர் கழிப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம்: பற்றவைத்த இடங்களில் தரம் குறைந்திருக்கும், இடுக்குகளில் அழுக்கும் மெழுகும் சேர்ந்திருக்கும், உருக்கும்போது கொஞ்சம் குறையும். அவற்றை அந்தந்தப் பெயரால் சொல்லிக் கழிக்க வேண்டும். "தரம் எத்தனை வந்தது, உருக்கிய பின் எடை எத்தனை?" என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். புது நகை வாங்கும்போது போடும் சேதாரம் வேறு. அது செய்யும்போது போவது. தேய்மானம் அணியும்போது போவது. சேதாரம் முழுவதும் காற்றில் கலந்துவிடுவதும் இல்லை. பட்டறைத் தெருக்களில் குப்பையையும் மண்ணையும் வாரி அலசிப் பொன் எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் போட்டே தேய்மானத்தை அளந்த இடமும் நகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாம் சவரன் என்கிறோமே, அது பிரிட்டனின் சாவரின் நாணயத்திலிருந்து வந்த பெயர். அதன் முழு எடை 7.988 கிராம், நாம் எட்டு என்று முழுமையாக்கிக்கொண்டோம். கை மாறிக் கை மாறித் தேய்ந்து 7.938 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்ட சாவரின் செல்லாது என்று 1870-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் வைத்தது. ஐம்பது மில்லிகிராம் வரைக்கும் அது காசு. அதற்குக் கீழே வெறும் தங்கம்.

ஆடிட்டர் எழுதிய தேய்மானத்தில் உரசல் என்று ஒன்றுமே இல்லை. உங்கள் கடைக் கணினியை நீங்கள் இரவும் பகலும் தட்டினாலும், அளவாகப் பயன்படுத்தினாலும், ஏட்டில் குறைவது ஒரே அளவுதான். வருமான வரிக் கணக்குக்கான விகிதப்படி கணினிக்கு 40 சதவீதம், பொதுவான இயந்திரங்களுக்கு 15, மேசை நாற்காலிகளுக்கு 10. வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதி. ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல்தான் விகிதம் போடப்படுகிறது. ஆகவே ஐம்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய கணினி முதல் ஆண்டு முடிவில் 30,000, பிறகு 18,000, பிறகு 10,800 என்று இறங்கும். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சுமார் 302 ரூபாய் நிற்கும். எத்தனை ஆண்டு போனாலும் பூஜ்ஜியம் மட்டும் ஆகாது. கணினி பழைய இரும்புக் கடைக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்ட பிறகும் கணக்கில் இந்தக் கரைதல் தொடரும்.

இங்கே நடப்பது என்னவென்றால், ஒரே நாளில் செலவழித்த பணத்தை அந்தப் பொருள் உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கு பிரித்து எழுதுகிறார்கள். பொருளின் சந்தை விலையை அளப்பது அதன் வேலையே இல்லை. அதனால்தான் கடைக் கட்டடத்தின் விலை ஊரெல்லாம் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஏட்டில் அதற்குத் தேய்மானம் எழுதுகிறார்கள். அந்தக் கட்டடம் நிற்கும் நிலத்துக்கு எழுதுவதில்லை. நிலத்துக்கு இத்தனை ஆண்டுதான் ஆயுள் என்று யாரும் சொல்ல முடியாதே. இலங்கைத் தமிழர்கள் இதைப் "பெறுமானத் தேய்வு" என்று எழுதுகிறார்கள். தேய்வது பொருள் இல்லை, அதன் பெறுமானம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுவதால் நம்முடையதைவிட அது துல்லியமான சொல் என்பது என் கட்சி. ஒருமுறை இங்கே ஓர் அறிக்கையில் அதைப் போட்டுப் பார்த்தேன். "புரியாது" என்று அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடிபட்ட கதை இன்னொன்றும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், நிறுவனத்தை விட்டு ஊழியர்கள் விலகிப் போகும் விகிதத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த "அட்ரிஷன்" என்ற சொல்லை "ஊழியர் தேய்மானம்" என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பிழை திருத்தும் பெரியவர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் "இவர்களைத் தேய்த்தது யார்?" என்று எழுதியிருந்தார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வேரும் தேய்ப்பதைத்தான் குறிக்கிறது, ஆகவே அகராதிப்படி நான் செய்தது தப்பில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அந்த உரசல் படம் மங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. தமிழில் இன்னும் பச்சையாக இருக்கிறது. "பணிவிலகல்" என்று மாற்றினேன். அதே ஆங்கிலச் சொல் போரைக் குறிக்கும்போது மட்டும் "தேய்வு" அப்படியே பொருந்துகிறது. முதல் உலகப் போரில், 1916-இல், பிரான்சின் வெர்தனில் பிப்ரவரி முதல் டிசம்பர் வரை பிரெஞ்சு, ஜெர்மன் படைகள் இரண்டும் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டதைத் தேய்வுப் போர் என்பதில் எந்த நெருடலும் இல்லை. அரமும் இரும்பும் அங்கே உண்மையிலேயே இருந்தன.

தேய்பிறையைப் பற்றி ஒரு வரி போதும்: அங்கே எதுவும் தேய்வதில்லை, ஒளிபடும் பக்கம் நம் பார்வையிலிருந்து விலகுகிறது, இருபத்தொன்பதரை நாளில் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. தேய்ந்தது வளரும் என்று தமிழன் நம்பும் ஒரே இடம் அதுதான்.

முழங்காலுக்குப் போகும் முன் பல்லில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. "பல் தேய்மானம்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வதைப் பல் மருத்துவம் மூன்றாகப் பிரிக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்குப் பல்லோடு பல் உரசித் தேய்வது ஒன்று. முரட்டு பிரஷ்ஷாலும் பொடியாலும் அழுத்தித் தேய்த்து ஈறோரத்தில் பள்ளம் விழுவது இன்னொன்று. குளிர்பானம், எலுமிச்சை, வயிற்றிலிருந்து எதுக்களித்து வரும் அமிலம் ஆகியவற்றால் எனாமல் கரைவது மூன்றாவது. மூன்றாவதில் உரசல் இல்லை, அரிப்புதான் இருக்கிறது. நோயாளி மூன்றுக்கும் ஒரே சொல்லைக் கேட்டுவிட்டு, மூன்றுக்கும் மென்மையான பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு போகிறார். இரவில் பல் கடிப்பவருக்கு அது என்ன செய்யும்? ஒரு சொல் நோயின் பெயராக மாறும்போது சிகிச்சையையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. இதை நான் படிவங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். முதல் குழப்பம், நம் ஊரில் "எலும்புத் தேய்மானம்" என்று இரண்டு வெவ்வேறு நோய்களைச் சொல்கிறார்கள். ஒன்று மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிவது. இதில் வலியும் விறைப்பும் இருக்கும். மற்றது எலும்புப்புரை. எலும்பு உள்ளுக்குள் அடர்த்தி இழந்து கறையான் அரித்த மரம்போல ஆகிவிடும். சாதாரணமாக விழுந்தாலே முறியும், முறியும்வரை பெரும்பாலும் வலியே தெரியாது. இரண்டுக்கும் சோதனை வேறு, மருந்து வேறு. முதல் நோய்க்காரர் "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று கேட்டுவிட்டுத் தாமாகவே கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம். குருத்தெலும்புக்குக் கால்சியம் மருந்தில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அம்மாவுக்குச் சொல்லப்பட்டது முதலாவது என்று தோன்றுகிறது, ஆனால் அதை மருத்துவர் வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் தெரியும். அந்த இடைவெளி குறுகியிருந்தால், நடுவில் இருக்கும் மெத்தை மெலிந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். கூடவே ஓரங்களில் எலும்பு முள்போலப் புதிதாக வளர்ந்திருப்பதும் தெரியும். வளர்ந்திருப்பதையும் சேர்த்துத்தான் நாம் "தேய்மானம்" என்கிறோம்! படத்துக்கும் வலிக்கும் நேர்க் கணக்கு இல்லை என்பதும் மருத்துவத்தில் நன்றாக அறியப்பட்டது. இடைவெளி மிகக் குறுகியும் வேலைக்குப் போய் வருபவர்கள் உண்டு. படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் படியேற முடியாதவர்களும் உண்டு.

மூன்றாவதுதான் முக்கியம். அம்மா மனத்தில் ஓடும் படம் அம்மியின் படம். அரைக்க அரைக்க அம்மியின் சொரசொரப்பு போய் வழவழப்பாகிவிடும், மிளகாய் வழுக்கும். அப்போது "அம்மி தேய்ந்துவிட்டது" என்று கொத்துபவரைக் கூப்பிட்டு, உளியால் மறுபடி கொத்தி வைப்பார்கள். அரைக்காமல் வைத்தால் அம்மி தேயாது, அது சரிதான். முழங்கால் இதற்கு நேர் எதிர். அது வழவழப்பாக இருந்தால்தான் வேலை செய்யும். பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடச் சுலபமாகக் குருத்தெலும்பு வழுக்குகிறது. அதற்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. பாரம் ஏறும்போது அழுந்தி, இறங்கும்போது விரிந்து, மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து ஊட்டத்தை வாங்கிக்கொள்கிறது. கல்லுக்கு அசைவு எதிரி. குருத்தெலும்புக்கு அசைவுதான் சோறு. அசையாமல் உட்கார்ந்தால் தொடைத் தசையும் மெலியும். அந்தத் தசைதான் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்வது.

அதனால்தான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் மூட்டுத் தேய்வுக்கு முதலில் சொல்வது உடற்பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும். எடை மிகுந்த மூட்டுத் தேய்வுக்காரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதாகக் கண்டார்கள். இந்த நோயே வெறும் உரசல் தேய்வு என்ற பழைய எண்ணமும் மாறிவிட்டது. மூட்டுச் சவ்வில் வரும் அழற்சி, எலும்பில் நேரும் மாற்றம், பரம்பரை, பழைய காயம் எல்லாம் சேர்ந்த, மூட்டு முழுவதையும் பற்றிய நோயாகவே பார்க்கிறார்கள். மெலிந்த குருத்தெலும்பு பயிற்சியால் மீண்டும் வளர்ந்துவிடுமா என்று கேட்டால், அப்படி நம்ப இடமில்லை. வலி குறையும், நடமாட்டம் மேம்படும் என்பதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது.

ஆகவே அம்மாவை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகும்போது, "தேய்மானம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். எலும்பா குருத்தெலும்பா, நடக்கலாமா, எவ்வளவு நேரம், தொடைத் தசைக்கு என்ன பயிற்சி என்று கேளுங்கள். மூட்டு சூடாகச் சிவந்து வீங்கியிருந்தால், காய்ச்சலும் கூட இருந்தால், கால் நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், நடைக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் அவர் நடக்கச் சொல்லிவிட்டால், முதல் வாரம் நீங்களும் அம்மாவோடு போங்கள். பத்து நிமிடம் போதும், சமதரையில், நல்ல செருப்போடு. முழங்காலில் ஏதாவது சொடுக்கு கேட்டு அம்மா சட்டென்று நின்று உங்களைப் பார்ப்பார். வலி இல்லாத வெறும் சத்தமாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, மேலே நடக்கலாம்.